சாவா மருந்து வந்தால் வாசலில் யார் நிற்பார்கள்?

ஒரு அம்மா பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். அவள் வாழும் உலகத்தில் காசு என்ற ஒன்றே கிடையாது. 25 வயதோடு எல்லோருக்கும் மூப்பு நின்றுவிடும், அப்புறம் முன்கையில் பச்சை நிறத்தில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும், அதில் மிச்சம் இருக்கும் நேரம்தான் ஆயுள், அதுவேதான் பணமும். சம்பளம் நேரமாக வரும், வாடகை நேரமாகப் போகும், ஒரு காப்பி 4 நிமிஷம். கடனை அடைத்துவிட்டு வந்த அவளுடைய கையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது. வழக்கமாக ஒரு மணி நேரமாக இருக்கும் பஸ் கட்டணம் அன்றைக்குப் பார்த்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. டிரைவர் ஏற்ற மறுக்கிறார். அவள் ஓடுகிறாள். எதிரிலிருந்து மகனும் ஓடி வருகிறான். இருவரும் ஒருவரையொருவர் எட்டும்போது கடிகாரம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுகிறது.

2011ல் வந்த 'இன் டைம்' படத்தின் காட்சி இது. பின்பாதி துரத்தலும் துப்பாக்கியுமாகத் தடம் மாறிவிடும், அதனால் மொத்தப் படத்துக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் சாகாவரம் தொழில்நுட்பமாக வந்தால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவில் உள்ள தூரம் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது அந்தப் பஸ் கட்டணத்தைத்தான். அங்கே யாரும் அவளைக் கத்தியால் குத்தவில்லை, சுடவில்லை. கட்டணம் ஏறியது, அவள் செத்துப்போனாள். அறிவியல் புனைகதைகள் வெகுகாலமாக விடாமல் கேட்டுவரும் இந்தக் கேள்வியை, அந்தக் கதைகள் பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப்பார்க்கிறேன்.

சாகாவரம் என்ற ஆசை நமக்குப் புதிதில்லை. மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு, சித்தர்களுக்குக் காயகற்பம், அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த பாற்கடல் கதை. அந்தக் கதையில் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். வாசுகியின் ஒரு பக்கத்தைத் தேவர்கள் பிடித்து இழுத்தார்கள், மறு பக்கத்தை அசுரர்கள் பிடித்து இழுத்தார்கள். அமுதம் மேலே வந்ததும் மோகினி ஒரு வரிசைக்கு மட்டும் பரிமாறினாள், அந்த வரிசையில் நைசாகப் போய் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தவனுக்குத் தலை போயிற்று. சின்ன வயதில் நான் இந்தக் கதையைக் கேட்டபோது, அவர்களும்தானே கடைந்தார்கள், அவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று பாட்டியிடம் கேட்டேன். அவர்கள் கெட்டவர்கள், அவர்களுக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தது. தகுதி என்ற அந்தச் சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அறிவியல் புனைகதையில் வரும் சாகாவரத்துக்கும் புராணத்து வரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வரம் ஒரு முறை கிடைத்தால் கிடைத்ததுதான், அதற்கு விலைச்சீட்டு கிடையாது, பராமரிப்புச் செலவும் கிடையாது. தொழில்நுட்பம் அப்படி இல்லை. அதை ஒரு கம்பெனி தயாரிக்கும், காப்புரிமை வாங்கி வைத்திருக்கும், விலை வைக்கும், வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லும், அது ஓட மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். கதைகளில் பெரும்பாலும் மூன்று வழிகள் வருகின்றன. மருந்தோ மரபணு மாற்றமோ கொடுத்து உடம்பு மூப்படைவதை நிறுத்துவது ஒன்று. மூளையில் உள்ள நினைவையும் குணத்தையும் அப்படியே நகலெடுத்து இன்னொரு உடம்பிலோ கணினியிலோ ஏற்றுவது இன்னொன்று. இறந்த உடலை உறைய வைத்துவிட்டு, பிற்காலத்து மருத்துவர்கள் எழுப்புவார்கள் என்று காத்திருப்பது மூன்றாவது. எதுவாக இருந்தாலும் வரம் சரக்காக மாறிவிடுகிறது, சரக்கு என்று ஆனபிறகு யாரிடம் வாங்கும் சக்தி இருக்கிறது என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

சாகாமை பற்றிப் பேச்சு வந்தாலே பலர் முதலில் கேட்பது, அவ்வளவு காலம் வாழ்ந்தால் அலுத்துப்போகாதா என்றுதான். இது மதிக்கத்தக்க கேள்வி. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய தத்துவ அறிஞர் 1973ல் இதை வைத்து எழுதிய ஒரு கட்டுரையை இன்றும் வகுப்புகளில் படிக்கிறார்கள். மனதில் ஆசைகள் தீர்ந்துபோன ஒரு ஜீவன் முடிவில்லாமல் இருந்துகொண்டே இருப்பது தண்டனைதான் என்பது அவர் வாதம். எனக்கென்னவோ, மருந்து ஏற்கெனவே கையில் கிடைத்துவிட்டவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது என்று படுகிறது. வரிசையில் நிற்பவர்களின் கேள்வி வேறு, அதைத்தான் நான் பேச வந்தேன்.

இந்தத் தலைப்புக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நல்ல வாசல் ரிச்சர்ட் மார்கன் 2002ல் எழுதிய 'ஆல்டர்ட் கார்பன்' நாவல். 2018ல் அது தொடராகவும் வந்தது. சில நூற்றாண்டுகள் கழித்து நடக்கும் கதை. எல்லோருக்கும் குழந்தையாக இருக்கும்போதே பிடரியில் ஒரு சின்னக் கருவியைப் பதித்துவிடுவார்கள், அவர்களுடைய நினைவு முழுக்க அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். உடம்பு செத்தாலும் கருவியை எடுத்து வேறு உடம்பில் பொருத்தினால் ஆள் எழுந்து உட்காருவார். உடம்பை அந்த உலகத்தில் சட்டைக் கை என்ற பொருள் வரும் ஒரு சொல்லால்தான் அழைக்கிறார்கள், மாட்டலாம், கழற்றலாம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, கருவி எல்லோருக்கும் இருக்கிறது என்பது. ஏழைக்கும் இருக்கிறது, பணக்காரனுக்கும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் முழுச் சமத்துவம். ஆனால் புது உடம்பு இலவசம் இல்லை. சாதாரண மனிதன் ஆயுள் முழுக்கக் கட்டிச் சேர்த்தால் இன்னொரு உடம்பு வாங்கலாம், அதிலும் முதுமையின் வலி முழுவதையும் மறுபடி அனுபவித்துத்தான் தீர வேண்டும். அந்த ஊர்ப் பெரும் பணக்காரர் லாரன்ஸ் பான்கிராஃப்டுக்கோ வயது 350ஐத் தாண்டிவிட்டது. அவருடைய உடம்பின் குளோன்கள் தயாராகக் காத்திருக்கின்றன, 48 மணி நேரத்துக்கு ஒரு முறை அவர் நினைவு தொலைவில் உள்ள ஒரு கிடங்கில் பேக்கப் ஆகிறது. தலையோடு கருவியும் சிதறிப்போய் அவர் செத்தும், மறுபடி எழுந்து வந்து, தன் சாவைத் தானே விசாரிக்க ஆள் அமர்த்துகிறார். கதை தொடங்குவதே அங்குதான். பைபிளில் 969 வருஷம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெத்தூசலாவின் பெயரைச் சுருக்கி இவர் போன்றவர்களை 'மெத்' என்று கூப்பிடுகிறார்கள்.

தொடரின் முதல் பகுதியில் ஒரு காட்சி வரும், எனக்கு அதைத் தாண்டிப் போக ரொம்ப நேரம் ஆனது. விபத்தில் இறந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அரசாங்கச் செலவில் எழுப்பிப் பெற்றோரிடம் கொடுக்கிறார்கள். வெளியே வருவது ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. இலவசக் கணக்கில் இருந்த உடம்பு அதுதான். உள்ளே இருப்பது அந்தக் குழந்தை, அம்மா அப்பாவைப் பார்த்து மிரண்டுபோய் நிற்கிறது. வேறு நல்ல உடம்பு வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். இன்னொரு பக்கம், சிறைத் தண்டனை என்றால் நினைவை எடுத்துக் கிடங்கில் போட்டுவிடுவது, அந்தக் கைதியின் உடம்பை இடைப்பட்ட காலத்தில் வேறு யாருக்காவது விற்பது. மத நம்பிக்கையால் தங்களை மறுபடி எழுப்பக் கூடாது என்று எழுதிவைத்த கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கொன்றால் எழுந்து வந்து சாட்சி சொல்ல ஆள் இல்லை, கொலைகாரனுக்கு அதுவே வசதி. எல்லோரிடமும் கருவி இருப்பதாலேயே எல்லோரும் சமம் ஆகிவிடவில்லை என்பதை இந்த நாவல் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. நம் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எந்தப் பள்ளிக்கூடம் என்பதைக் கேட்காமல் விடுவதைப் போன்றது அது.

கிடைப்பதில் உள்ள வித்தியாசம் பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதியைக் கண்டுபிடித்தவர் 300 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒருவர். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726ல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' நூலில், குள்ளர்கள் நாடும் ராட்சதர் நாடும்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரப்பட்டன. மூன்றாம் பாகத்தில் இன்னொரு நாடு வருகிறது. அங்கே எப்போதாவது ஒரு குழந்தை இடது புருவத்துக்கு மேலே சிவப்பு மச்சத்தோடு பிறக்கும், அதற்குச் சாவே கிடையாது. எந்தக் குடும்பத்தில் பிறக்கும் என்று சொல்ல முடியாது, குலம் கோத்திரம் பார்த்து வருவதில்லை. ஆனால் மூப்பு மட்டும் நிற்காது, பல் போகும், நினைவு போகும், அப்படியே இருந்துகொண்டே இருப்பார்கள். இவ்வளவு வரை பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாட்டின் சட்டம். 80 வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இறந்தவர்கள். சொத்து வாரிசுகளுக்குப் போய்விடும், பிழைக்கக் கொஞ்சம் மட்டும் ஒதுக்குவார்கள், அதுவும் இல்லாத ஏழைகளை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், பதவி எதுவும் வகிக்க முடியாது. ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு ஸ்விஃப்ட் தரும் காரணம்: முதுமையோடு பேராசையும் வளரும், தடுக்காவிட்டால் இந்தச் சாகாதவர்கள் காலப்போக்கில் நாடு முழுவதையும் தங்கள் சொத்தாக்கிக்கொண்டு ஆட்சியையும் பிடித்துவிடுவார்கள்.

யோசித்துப் பாருங்கள், கூட்டுவட்டியின் கணக்கு இது. ஒரு நிலம், ஒரு கம்பெனி, ஒரு நாற்காலி, இவையெல்லாம் இன்றைக்குக் கைமாறுவதற்கு மிகப் பெரிய காரணம் மரணம்தான். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிகிறது, வாரிசு வாங்கியதை விற்கிறான், கட்சிக்குப் புதுத் தலைவர் வருகிறார். 300 வயது முதலாளி இருக்கும் ஊரில் இருபது வயதுப் பையனுக்கு எந்த நாற்காலி காலியாகும்? முதலீடு செய்ய அவனுக்கு நாற்பது வருஷம் இருக்கிறது, எதிராளிக்கு நானூறு.

இந்த இடத்தில்தான் சிலர், அப்படியானால் மரணம் நல்லது, அது எல்லோரையும் சமமாக்குகிறது என்கிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. மரணம் அப்படியொன்றும் சமமாக வருவதில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அதோடு, நாலு பேர் சொத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பதற்காக உங்கள் பாட்டியும் என் பாட்டியும் சாக வேண்டும் என்பது என்ன நியாயம்? ஸ்விஃப்டின் நாட்டுக்காரர்கள் யாரையும் கொல்லவில்லை, சொத்தைத்தான் எடுத்தார்கள். அவர்கள் செய்தது கொடுமையான முறையில்தான், ஆனால் திசை சரி. பதவிக்கு இத்தனை வருஷம்தான் என்று வரம்பு போடலாம், குவிந்த சொத்துக்கு வரி போடலாம். இந்தியாவில் 1953ல் வந்த எஸ்டேட் வரி, ஒருவர் இறந்தபின் அவர் சொத்து வாரிசுக்குப் போகும்போது விதிக்கப்பட்டது, 1985ல் அதை நீக்கிவிட்டார்கள். சாகும் மனிதர்கள் இருக்கும் நாட்டிலேயே இதைச் செய்துமுடிக்க முடியவில்லை என்றால், சாகாதவர்கள் வந்தபிறகு யார் செய்வார்கள் என்பதுதான் என் கவலை.

ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக், 1922ல் 'மாக்ரோபுலோஸ் விவகாரம்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். வில்லியம்ஸ் தன் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது இந்த நாடகத்தின் நாயகியைத்தான். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காக அவருடைய மருத்துவர் 300 வருஷ ஆயுள் தரும் மருந்தைத் தயாரிக்கிறார். பேரரசருக்குக் குடிக்கப் பயம், முதலில் உன் மகளுக்குக் கொடு என்கிறார். 16 வயதுப் பெண் எலினா குடிக்கிறாள். 337 வயதில், பல பெயர்கள் மாறி, எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போய் அவள் மருந்துக் குறிப்பைத் தேடி வருகிறாள். கடைசியில் அந்தக் காகிதத்தை என்ன செய்வது என்று ஒரு வாதம் நடக்கும். எல்லா மனிதர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார் ஒரு குமாஸ்தா. வலிமையும் அறிவும் உள்ள மேலானவர்களுக்கு மட்டும் என்கிறார் ஒரு பிரபு. முடிவில் ஓர் இளம்பெண் அதைத் தீயில் எரித்துவிடுகிறாள்.

எரித்தது சரியா? முதல் முறை படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. எல்லோருக்கும் கொடுக்க முடியவில்லை என்பதற்காக யாருக்கும் இல்லாமல் செய்தால், மேலே இருப்பவரைக் கீழே இழுத்துச் சமமாக்கியதுதான் மிச்சம், ஏழைக்கு அதில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஜான் ஹாரிஸ் என்ற தத்துவ அறிஞர் இதை அழுத்திச் சொல்கிறார்: எல்லோருக்கும் சிறுநீரகம் கிடைக்காது என்பதற்காகக் கிடைக்கிற சிலருக்கும் மாற்று அறுவை செய்யாமல் விடுவோமா? விடமாட்டோம். இந்த வாதத்துக்கு எளிதான மறுப்பு கிடையாது, நானும் தேடிப்பார்த்துவிட்டேன்.

ஆனால் இதே வாதத்தின் தோளில் ஏறி இன்னொரு வாதம் வரும், அதை நாம் விடக்கூடாது. முதலில் பணக்காரர்களுக்கு வரட்டும், அப்புறம் விலை குறைந்து எல்லோருக்கும் வரும், செல்போன் வரவில்லையா என்பார்கள். செல்போன் வந்தது உண்மை. செல்போன் இல்லாமல் பத்து வருஷம் காத்திருந்தவன் பதினோராவது வருஷம் வாங்கினான், அதுவும் உண்மை. உயிர் காக்கும் மருந்துக்காகப் பத்து வருஷம் காத்திருந்தவன் எங்கே?

இது கற்பனை இல்லை, நம் கண் முன்னால் நடந்தது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாக 1986ல் சென்னையில் கண்டறியப்பட்டது. செல்லப்பன் நிர்மலா என்ற மருத்துவ மாணவியும் அவருக்கு வழிகாட்டிய சுனிதி சாலமனும்தான் அதைச் செய்தார்கள், ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சிக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1996ல், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள், ஏறக்குறைய அமுதம் மாதிரி. விலை வருஷத்துக்கு 10,000 முதல் 15,000 டாலர். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது, ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. இந்திய அரசு 2004 ஏப்ரலில்தான் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. விலை குறைந்தது, எல்லோருக்கும் வரத் தொடங்கியது, சரி. ஆனால் 1996க்கும் அதற்கும் நடுவில் ஆப்பிரிக்காவில் மட்டும் லட்சம் லட்சமாக மனிதர்கள் செத்துப்போனார்கள், மருந்து பூமியில் இருந்துகொண்டிருக்கும்போதே. விலை தானாகவும் குறையவில்லை. நோயாளிகள் தெருவில் இறங்கினார்கள், காப்புரிமையை எதிர்த்து வழக்காடினார்கள், ஒரு கம்பெனி மலிவாகச் செய்து காட்டியது. 'அப்புறம் எல்லோருக்கும் வரும்' என்று யாராவது சொன்னால், அந்த அப்புறம் எத்தனை வருஷம், அதைக் குறைக்க யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு, யாருடைய உடம்பிலிருந்து எடுக்கிறார்கள் என்பது. நார்மன் ஸ்பின்ராட் 1969ல் எழுதிய ஒரு நாவலில், சாகாமைச் சிகிச்சைக்கு ஏழைக் கறுப்பினக் குழந்தைகளின் சுரப்பிகள் தேவைப்படும், பெற்றோரிடம் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்குவார்கள். படிக்கவே கையெல்லாம் நடுங்கும். மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். ஹென்ரியட்டா லாக்ஸின் கதையைக் கேட்டபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் உடம்பின் சாதாரண செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்துவிட்டு நின்றுபோகும். 1951ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்த ஹென்ரியட்டாவின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் நிற்கவே இல்லை. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பானது, இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கிறது. ஹீலா என்று அதற்குப் பெயர். போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அது உதவியது, விண்வெளிக்குப் போனது, அதை வைத்து வியாபாரமும் நடந்தது. அந்தக் கறுப்பினப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில், 31 வயதில், ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு அவர் இறந்தார். அவருடைய செல்கள் இப்படி உயிரோடு இருக்கின்றன என்பதே இருபது வருஷத்துக்கு மேல் குடும்பத்துக்குத் தெரியாது. பிள்ளைகள் மருத்துவக் காப்பீடு இல்லாமல் திண்டாடினார்கள். 2023ல்தான் ஒரு பெரிய நிறுவனம் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது. நாம் அறிந்த வரையில் தொழில்நுட்பத்தால் சாகாமல் இருக்கும் முதல் மனிதத் திசு இது, அது கிடைத்த விதம் இப்படி.

இன்றைய நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூப்பைத் திருப்ப முடியுமா என்று ஆராய 2022ல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற கம்பெனி 300 கோடி டாலர் முதலோடு தொடங்கப்பட்டது. 1967ல் இருந்தே அமெரிக்காவில் இறந்தவர்களை உறைய வைக்கிறார்கள், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். சில நிறுவனங்களில் முழு உடம்புக்கு சுமார் 2 லட்சம் டாலர் ஆகும், பலரும் ஆயுள் காப்பீட்டுப் பணத்திலிருந்து கட்டுகிறார்கள், இதுவரை யாரையும் எழுப்பியதில்லை. சில செல்வந்தர்கள், எழுந்து வரும்போது தங்கள் சொத்து தங்களுக்கே கிடைக்கும்படி டிரஸ்ட் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்விஃப்டின் நாட்டில் உயிரோடு இருப்பவர் 80 வயதில் சொத்தை விட வேண்டும், இங்கே செத்தவரும் விடுவதில்லை. இந்த எதிர்காலமெல்லாம் வருமோ வராதோ, மரணம் சமமாக வருவதில்லை என்று சொன்னேனே, அதற்குக் கணக்கு இருக்கிறது: பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடனிருந்தவர்களும் 2016ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவின் மேல்தட்டு ஒரு சதவீத ஆண்களுக்கும் அடித்தட்டு ஒரு சதவீத ஆண்களுக்கும் ஆயுளில் உள்ள இடைவெளி 14.6 வருஷம். பெண்களில் 10.1 வருஷம். எந்த மாயக் கருவியும் இல்லாமலே பதினாலரை வருஷம்.

சரி, நம் மொழியில் இதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், நான் எதிர்பார்க்காத அளவுக்கு நேராகவே இருக்கிறது. 'விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று' என்பது 82ஆம் குறள். விருந்தோம்பல் அதிகாரத்தில் இருப்பதால் சோறு போடுவதைப் பற்றியது என்று தாண்டிப்போய்விடுகிறோம். சாவா மருந்தே ஆனாலும், வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உண்பது வேண்டத்தக்கதல்ல. வள்ளுவர் மருந்தை எரிக்கச் சொல்லவில்லை, சாகாமல் இருக்க ஆசைப்படாதே என்றும் சொல்லவில்லை, வாசலில் ஆள் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடாதே என்கிறார். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி புறநானூறு 182ல், இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிறார்.

அதியமான் நெல்லிக்கனி இதற்கு அடுத்த படி. நீண்ட ஆயுள் தரும் கனி, கிடைத்தது ஒன்றே ஒன்று, தானும் உண்ணாமல், அதன் பயனையும் சொல்லாமல் ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான். சின்ன வயதிலிருந்து சிலிர்த்துக் கேட்ட கதை, இப்போதும் சிலிர்க்கும். இருந்தாலும் இந்தக் கட்டுரைக்காக யோசிக்கும்போது ஒன்று உறுத்தியது. அங்கேயும் முடிவெடுத்தது ஒரே ஒருவன், கனி கையில் இருந்த அரசன். அவன் நல்லவனாக இருந்தது நம் அதிர்ஷ்டம். கனி ஒன்றுதான் என்றால் யாருக்கு என்று யாரோ ஒருவர் தீர்மானித்துத்தான் ஆக வேண்டும், அப்போது பாட்டி சொன்ன அந்தத் தகுதி என்ற சொல் திரும்பவும் வந்து நிற்கும்.

அது நிஜத்தில் வந்து நின்ற ஊர் அமெரிக்காவின் சியாட்டில். 1960ல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையில் நிரந்தரமாகப் பொருத்தி வைக்கும் ஒரு குழாயை வடிவமைத்தார். அதுவரை சில தடவைக்கு மேல் செய்ய முடியாமல் இருந்த டயாலிசிஸை அதற்கப்புறம் வருஷக்கணக்கில் செய்ய முடிந்தது, சிறுநீரகம் செயலிழந்தால் சாவு நிச்சயம் என்ற நிலைமை மாறியது. ஆனால் இயந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள்: ஒரு வக்கீல், ஒரு போதகர், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். பெயர்கள் வெளியே சொல்லப்படவில்லை. வயது, வருமானம், சொத்து, படிப்பு, எத்தனை பிள்ளைகள், சர்ச்சுக்குப் போகிறவரா என்பதெல்லாம் பார்த்தார்கள். 1962ல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் இல்லை, ஏழு பேரும் மனசாட்சியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பத்து வருஷம் கழித்து, 1972ல், டயாலிசிஸ் செலவை மத்திய அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது. அதன்பிறகு அப்படி ஒரு குழு கூட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தகுதி என்றால் என்ன என்று யாரும் கண்டுபிடித்து முடித்துவிடவில்லை, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் முன்பு டீக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் முதல் பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், திரும்பி வரும்போது முகம் வெளுத்துக் களைத்துப்போய் இருக்கும், மறுநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எத்தனாவது வரை படித்தார், கோயிலுக்குப் போகிறாரா என்று அங்கே அவரிடம் யாரும் கேட்டதில்லை.